சாவோ பாவுலோவின் இரவு வகுப்புகள்

வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு வந்தேன் என்றால், ‘லண்டனா, அமெரிக்காவா’ என்பதே அடுத்த கேள்வியாக வருகிறது. பிரேசில் என்றதும் பேச்சு கால்பந்துக்கும் ரியோ நகரத்துக் கார்னிவலுக்கும் தாவிவிடுகிறது. நான் இருந்த ஊர் ரியோ இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையே இல்லாமல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலத்தின்மீது கண்ணுக்கெட்டிய மட்டும் அடுக்குமாடிகளாகப் பரந்து கிடக்கும் சாவோ பாவுலோவில் இருந்தேன். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் மட்டும் 1 கோடியே 14 லட்சம் பேர் வாழும் ஊர் அது. அங்குள்ள மாநில அரசின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில், 2023 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, பரிமாற்ற மாணவியாக வரலாறும் நகர்ப்புறப் புவியியலும் படித்தேன். தில்லியில் முதுகலை படித்தபோது விருப்பப் பாடமாக எடுத்திருந்த போர்த்துகீசியம்தான் அதற்கு வழிசெய்தது.

அதே ஆண்டில் ஐரோப்பாவுக்குப் போன தோழிகளுக்கு ஆங்கிலத்தில் தனி வகுப்புகள், வெளிநாட்டவருக்கென்று விடுதி, வார இறுதிச் சுற்றுலா என்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன. நான் சேர்ந்த துறைகளில் பாடம், வாசிப்பு, தேர்வு அனைத்தும் போர்த்துகீசியத்தில். உணவுக்கும் பேருந்துக்கும் ஊர் மாணவர்கள் நிற்கும் அதே வரிசை. முதல் மாதத்தில் இது பெரும் சிரமமாகத் தோன்றியது. இப்போது யோசித்தால், அந்தப் பருவத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த வரிசைகளில் நின்று கற்றவை என்றே தோன்றுகிறது.

வரிசைகள் காகிதங்களிலிருந்து தொடங்கின. மாணவர் விசாவில் வருபவர்கள் நாட்டுக்குள் நுழைந்த 90 நாட்களுக்குள் மத்தியக் காவல்துறையில் பதிவு செய்து, கைரேகை கொடுத்து, குடியேற்றப் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைவிட அவசரமானது, அங்கே எல்லோரும் ‘சே-பே-எஃபி’ என்று சொல்லும் பதினோரு இலக்க வரி எண். வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அது வேண்டும். மருந்துக் கடையில் தள்ளுபடி பெறவும் அதையே கேட்பார்கள். ரொட்டிக் கடையில் காசு வாங்கும் பெண்கூட, நிமிர்ந்து பார்க்காமலே, ‘ரசீதில் எண் போடவா?’ என்று கேட்பார். வாங்குபவரின் எண்ணை ரசீதில் பதிந்தால் கடைக்காரர் வரியை மறைக்க முடியாது. வாங்கியவருக்கும் வரியில் ஒரு சிறு பங்கு திரும்பி வரும். 2007 முதல் அந்த மாநிலத்தில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. அந்த விற்பனை வரியில் மாநிலத்தின் பங்காக வரும் தொகையிலிருந்து 9.57 சதவீதம் மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது என்று பின்னர் வகுப்பில் தெரிந்துகொண்டேன். காலையில் நான் வாங்கிய ரொட்டியின் விலையில் ஒரு துளி, மாலையில் நான் உட்கார்ந்த வகுப்பறைக்கு வந்துகொண்டிருந்தது.

படிவங்களில் இன்னொரு விஷயமும் என்னைக் கவர்ந்தது. நம்மூரில் தகப்பனார் பெயர் இல்லாமல் ஒரு படிவமும் நகராது. அங்கே முதலில் கேட்பது தாயின் பெயரை. வருகைப் பட்டியலையும் குடும்பப் பெயரை வைத்து அடுக்காமல், சொந்தப் பெயரின் அகர வரிசைப்படியே அடுக்குகிறார்கள். முதலெழுத்தை விரித்துக் கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டு வெளிநாடு போகும் தமிழர்கள், அங்கே போனதும் அப்பா பெயராலேயே அழைக்கப்படுவது தெரிந்ததுதான். பிரேசிலில் அந்தத் தொல்லை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வீடு கிடைப்பது எளிதாக இல்லை. வாடகைக்கு எடுக்க வேண்டுமானால் பல இடங்களில், அந்த ஊரிலேயே சொந்தச் சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கடல் கடந்து வந்தவளுக்கு யார் நிற்பார்கள்? வளாகத்துக்குள் இருக்கும் மாணவர் குடியிருப்பு 1963ஆம் ஆண்டுப் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்களுக்காகக் கட்டியது. அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே பெரும்பாலான மாணவர்களைப் போல நானும் ஒரு ‘ரெபூப்ளிகா’வில் சேர்ந்தேன். சில மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, வாடகையையும் சமையலறையையும் சண்டையையும் பங்குபோட்டுக்கொள்வதற்கு அந்தப் பெயர். வீடு இருந்த பகுதியின் பெயர் வில்லா இந்தியானா. வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. பெயரில் இந்தியா இருந்ததே தவிர, அந்தத் தெருவில் என்னைத் தவிர இந்தியர் எவரையும் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டு அங்கே குளிர்காலத்தின் கடைசி மாதம். வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி என்றால் வீட்டுக்குள்ளும் அதே பத்துப் பன்னிரண்டுதான். சூடேற்றும் வசதி வீடுகளில் கிடையாது. குளியலறையில் தலைக்குமேல் தண்ணீர் கொட்டும் பூவாளிக்குள்ளேயே மின்கம்பிச் சுருள் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் ஒயர்கள், இன்சுலேஷன் டேப் சுற்றி, நம் கண்முன்னே அதற்குள் போகின்றன. பூவாளியின் மேல் ‘கோடை’, ‘குளிர்’ என்று இரண்டு நிலைகள். குழாயை முழுவதும் திறந்தால் தண்ணீர் ஆறிவிடும். சூடு வேண்டுமானால் நூல்போல் விழ விட்டு அதன் அடியில் ஒடுங்கி நிற்க வேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, அந்த ஒயர்களின் கீழ் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சில வாரங்கள் பிடித்தன.

பல்கலைக்கழகம் 1934இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் பிரான்சிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸும் வரலாற்றாசிரியர் ஃபெர்னான் பிரோதெலும் இளைஞர்களாக அங்கே பாடம் நடத்தினார்கள், அதுவும் பிரெஞ்சிலேயே. இன்று வெளியிலிருந்து வருபவர்தான் உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று காலம் மாறியிருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. கல்விக் கட்டணம் கிடையாது. மேற்கே புத்தந்தா பகுதியில், பின்யெய்ரோஸ் ஆற்றை ஒட்டி இருக்கும் வளாகம் ஒரு சிற்றூர் அளவுக்குப் பெரியது. மெட்ரோ நிலையத்திலிருந்து 8012, 8022 எண்ணுள்ள வட்டப் பேருந்துகள் மாணவர்களைத் திணித்துக்கொண்டு உள்ளே வரும். இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் படகோட்டப் பயிற்சிக்கான நீர்ப்பாதை ஒன்றும் இருக்கிறது. அதன் கரையில் கப்பிபராக்கள் என்னும் பெரிய கொறித்துண்ணி விலங்குகள், நம்மூர் எருமைகளின் நிதானத்தோடு, யாரையும் பொருட்படுத்தாமல் மேயும். வளாகத்தின் மறுபுறம், சுவரை ஒட்டியே சாவோ ரெமோ என்னும் ஃபவேலா, அதாவது ஏழைகளின் குடியிருப்பு. இந்த வளாகத்தைக் கட்ட வந்த தொழிலாளர்களின் குடும்பங்கள் குடியேறிய இடம் அது. கட்டியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமும், கட்டியதில் படிப்பவர்கள் இந்தப் பக்கமும் இருப்பதைப் பற்றி எங்கள் நகர்ப்புறப் புவியியல் வகுப்பில் பேசாத வாரம் இல்லை.

‘பந்தெஜாவ்’ என்று அழைக்கப்படும் மாணவர் உணவகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் அங்கே படித்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நான் இருந்தபோது ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு ரெயால், நம் பணத்தில் முப்பத்தைந்து ரூபாய்க்குள். சோறு, கெட்டியாக வேகவைத்த பீன்ஸ், கறி அல்லது அதற்குப் பதிலாகச் சோயா, கீரை, ஒரு சிறிய ரொட்டி, ஒரு பழம், நிறம் மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு பழரசம். சோற்றின்மேல் பீன்ஸை ஊற்றி, அதன்மேல் வறுத்த மரவள்ளி மாவைத் தூவிச் சாப்பிடுவார்கள். நமக்கு மரவள்ளியைத் தந்ததே அந்த நிலம்தான். ஆனால் மாவாக்கி வறுத்துச் சோற்றில் தூவும் யோசனை நம்மவர்களுக்கு ஏனோ வரவில்லை. இரவுச் சாப்பாட்டு வரிசை மாலை ஆறு மணிக்கே மரங்களுக்கு அடியில் வளைந்து நிற்கும். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் அந்த வரிசையில் சரளமாகப் பேசுவார்கள். எந்த ஆசிரியர் வருகைப் பட்டியலை முதல் பாதியிலேயே சுற்றுக்கு விடுகிறார், யாருடைய கட்டுரைகளின் நகல் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

ஒரே பாடத்தைப் பகலிலும் இரவிலும் நடத்துவது அங்கே வழக்கம். நான் வேண்டுமென்றே இரவு வகுப்புகளை எடுத்தேன். ஏழரை மணிக்குத் தொடங்கி, நடுவில் ஒரு சிறிய இடைவேளையோடு, பதினோரு மணியை ஒட்டி முடியும். நான் இதைச் சொன்னபோது அம்மா, ‘ராத்திரி பதினோரு மணிக்கு எந்தக் காலேஜுல பாடம் நடத்துவாங்க?’ என்று நம்பாமலே கேட்டார். எட்டரை மணி நேர வித்தியாசத்தில், நான் வகுப்பு முடிந்து வரும் நேரம் திருநெல்வேலியில் காலை ஏழரை. அதனால் நான் வீடு சேர்ந்தேனா என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் காலை வேலையைத் தொடர்வார்.

பகல் வகுப்பையும் இரவு வகுப்பையும் ஒரே ஆசிரியர் நடத்தினாலும் இரண்டும் ஒன்றல்ல. இரவில் வருபவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலை பார்ப்பவர்கள்: பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கால் சென்டரில் இருப்பவர், இரு பிள்ளைகளின் தாய். நகரத்தின் கிழக்குக் கோடியிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருபவர்களும் உண்டு. மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும் என்பதால் பத்தே முக்காலுக்கு மேல் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுவார்கள். ஆசிரியர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். (பேராசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். பருவம் முடியும்வரை என் வாயில் அது வரவில்லை. ‘ப்ரொஃபெசோரா’ என்றே கூப்பிட்டு ஒப்பேற்றினேன்.) இரவு பத்து மணிக்குமேல் நகரப் பேருந்துகளில் பெண்கள் நிறுத்தம் அல்லாத இடத்திலும் இறங்கிக்கொள்ளலாம் என்று விதி இருப்பதையும் வகுப்புத் தோழிகள்தான் சொல்லித் தந்தார்கள்.

நான் படித்த துறைகள் அடங்கிய புலத்தின் நூலகத்துக்குச் சமூகவியலாளர் ஃப்ளோரெஸ்தான் ஃபெர்னாந்தஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்த தாயின் மகன். சிறுவனாகச் செருப்புக்குப் பாலீஷ் போட்டும், உணவகத்தில் பரிமாறியும் வளர்ந்து, 1941இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர். பிரேசிலின் நிற வேற்றுமை பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளம் இட்ட அவரை, 1969இல் ராணுவ அரசு கட்டாய ஓய்வில் அனுப்பியது. அதற்கு முந்திய அக்டோபரில்தான் நகர மையத்தில், மரியா அந்தோனியா தெருவில் இருந்த பழைய புலக் கட்டடத்தில் பெரும் மோதல் நடந்து ஒரு பள்ளி மாணவர் கொல்லப்பட்டார். புலம் ஊருக்கு வெளியே இருந்த இந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்ததும் அதன் பிறகுதான். இதையெல்லாம் பாடமாகப் படித்தபோது ஏற்படாத உறைப்பு, பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து அந்த நூலகத்தில் கண்கள் செருக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது ஏற்பட்டது.

மொழியைப் பொறுத்தவரை, தில்லியில் நான் பழகியது லிஸ்பன் உச்சரிப்பு. சாவோ பாவுலோவில் உயிரெழுத்துகள் அகலமாகத் திறந்து, மெய்யெழுத்துகள் வேறு வேடம் போட்டன. விரிவுரையை ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் ஆசிரியர்கள் எழுத்துமொழியில் பேசுகிறார்கள். மாணவர்களின் விவாதம்தான் கடைசிவரை ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியதாக இருந்தது. அங்கே மதிப்பெண்ணில் கணிசமான பங்கு ‘செமினாரியோ’வுக்கு, ஒரு குழு ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே பாடம் நடத்த வேண்டும். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது நகரத்தின் விளிம்பில் தொழிலாளர்கள் மனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செங்கல் அடுக்கி வீடு கட்டிக்கொண்ட வரலாறு. நான் வரைபடங்களோடு கோட்பாட்டை விளக்கி முடித்ததும், எங்கள் குழுவில் இருந்த கிழக்குப் பகுதித் தோழி எழுந்து, தன் தாத்தா எந்த ஆண்டில் எந்தச் சுவரை எழுப்பினார், எந்த ஆண்டில் கூரைக்குக் கான்கிரீட் போட்டார் என்று தேதிவாரியாகச் சொன்னாள். பிறகு வந்த கேள்விகள் எல்லாம் அவளை நோக்கியே வந்தன.

அந்த நகரத்தில் யாரும் என்னை அயல்நாட்டுக்காரியாகப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வழி கேட்பார்கள். சந்தையில் விலை உயர்வைப் பற்றி என்னிடம் அலுத்துக்கொள்வார்கள். 2022 கணக்கெடுப்பில் பிரேசிலியர்களில் 45.3 சதவீதத்தினர் தங்களைக் கலப்பினம் என்று பதிந்துகொண்டார்கள். 1991 முதலான கணக்கெடுப்புகளில் முதன்முறையாக அது வெள்ளையர் எண்ணிக்கையைத் தாண்டியது. என் மாநிறம் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோனது. நான் வாய் திறந்த பிறகுதான் முகங்கள் மாறும். இதில் சுகமும் உண்டு, சங்கடமும் உண்டு. கடைக் காவலாளி பின்தொடர்வது யாரை, தொடராமல் விடுவது யாரை என்பதும் எனக்கு அங்கேதான் புரியத் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குள்ளும் இந்தக் கேள்வி புதிதாகத்தான் நுழைந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இடஒதுக்கீட்டை அது 2018ஆம் ஆண்டுச் சேர்க்கையில்தான் தொடங்கியது. 2021இல் அது ஒவ்வொரு படிப்பிலும் பாதி இடம் என்றானது. அதற்குள் கறுப்பின, கலப்பின, பழங்குடி மாணவர்களுக்கு உள்ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியதை நான் சொன்னபோது, ‘இதற்கு முன்பே மொத்த ஒதுக்கீடு 69 சதவீதமா?’ என்று வியந்து, கணக்கை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் பிற்பாதியில் மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடங்களை நிரப்பாததால் மொழிப் பாடங்கள் சிலவற்றை நடத்தவே ஆளில்லை என்பது மையமான குறை. எங்கள் புலத்தில் மூண்டது, பிற புலங்களுக்கும் பரவியது. ஒரு மாலை வகுப்புக்குப் போனபோது, கட்டடத்தின் அகன்ற சாய்தளங்களுக்கு மேலே, நாற்காலிகளைக் கால்கள் பின்னிக்கொள்ளும்படி அடுக்கி வகுப்பறை வாசல்களை அடைத்திருந்தார்கள். ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும்படி நுணுக்கமாக அடுக்கியிருந்தது. பழகிய கைகளின் வேலை. பருவம் வீணாகிறதே என்று முதலில் பதறினேன். பொதுக்கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பதற்றம் அடங்கியது. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம், கைதூக்கி வாக்கெடுப்பு, நடைமுறை விதி பற்றியே அரைமணி நேரச் சச்சரவு. விரைவாகவும் கோபமாகவும் பேசப்படும் போர்த்துகீசியத்தை என் காது பிடிக்கத் தொடங்கியது அந்தக் கூட்டங்களில்தான். அக்டோபர் 3ஆம் தேதி தனியார்மயத்தை எதிர்த்து மெட்ரோ, புறநகர் ரயில், குடிநீர் நிறுவனத் தொழிலாளர்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்ய, நகரமே முடங்கியது. இழந்த வகுப்புகளைப் பின்னர் ஈடுசெய்தார்கள். கட்டுரைகளின் கெடு தள்ளிப்போனது.

நவம்பரும் சும்மா விடவில்லை. 3ஆம் தேதி மாலை அடித்த சூறைக்காற்றில் நூற்றுக்கணக்கான மரங்கள் மின்கம்பிகளோடு சாய்ந்து, பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. பூவாளிக்குள் மின்சாரம் இருந்தபோது பயந்தவள், அது இல்லாதபோது பச்சைத்தண்ணீரின் கீழ் நின்று அதற்காக ஏங்கினேன். அதற்கடுத்த வாரங்களில் வெப்ப அலை. பாதரசம் 37 டிகிரியைத் தாண்டியது. திருநெல்வேலிக்காரிக்கு 37 டிகிரி ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மின்விசிறியே இல்லாத அறையில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஊர் சுற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிறுகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடப்படும் பாவுலிஸ்டா அவென்யூவில் நடந்திருக்கிறேன். அங்கே லீனா போ பார்தி வடிவமைத்த கலை அருங்காட்சியகம், 74 மீட்டர் இடைவெளியில் தூணே இல்லாமல், நான்கு சிவப்புக் கால்களில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை அவரே மக்கள் கூடமாக மாற்றியமைத்த செஸ்க் பொம்பேயா. அங்கே முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், பிள்ளைகள் தரையில் ஓடும் வாய்க்காலில் காலை நனைப்பார்கள், நான் கட்டுரைகளைத் திருத்துவேன். யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை.

டிசம்பர் 17 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்று மாநகராட்சி அறிவித்தது. மற்ற நாட்களில் அப்போது 4 ரெயால் 40 சென்டாவோ இருந்தது. முதல் இலவச ஞாயிறன்றே செமினாரியோ தோழியின் அழைப்பை ஏற்று, நகரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள சிதாத் சிராதென்தஸுக்குப் போனேன். ஏறத்தாழ 40,000 வீடுகளை அரசு வரிசை வரிசையாகக் கட்டிக் குடியேற்றிய இடம். வகுப்பில் நாங்கள் படித்த வரைபடங்களில் அது எப்போதும் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. பேருந்தில் பண்டிகை நாள் கூட்டம். அவள் வாரத்தில் ஆறு நாள் போய்வரும் அந்த வழியை முழுவதும் கடந்த பிறகுதான், பத்தே முக்காலுக்கு அவள் ஏன் எழுந்தாள் என்பது என் முதுகுக்கும் தெரிந்தது. அவளுடைய அம்மா சோறும் பீன்ஸும் பன்றி இறைச்சியும் சமைத்து வைத்திருந்தார். இறைச்சி வேண்டாம் என்றதற்காக எனக்கு இரண்டு முட்டை பொரித்துக்கொண்டே, இலவசப் பேருந்தைப் பற்றி மகள் உற்சாகமாகப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘வேலைக்குப் போற ஆறு நாளும் காசு, வீட்டுல இருக்குற ஒருநாள் மட்டும் இலவசமா?’ என்றார். நாங்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த பருவக் கட்டுரையை ஒப்படைக்க இன்னும் அவகாசம் இருந்தது. திரும்பும் பேருந்தில் கைப்பேசியிலேயே அந்தக் கேள்வியைப் போக்குவரத்து பற்றிய பகுதியின் தலைப்புக்குக் கீழே சேர்த்தோம். யாருடைய கேள்வி என்பதையும் அவருடைய சம்மதத்தோடு குறித்தோம்.